ஆளோடு வாங்கும் கட்டடம்

மதுரை நாளிதழ்களின் வரி விளம்பரங்களில் ஒரு வகை தவறாமல் வரும். "எட்டு வீடு, ஐந்து சென்ட், வடக்குப் பார்த்தது, போர், மாநகராட்சிக் குடிநீர், நல்ல வாடகை வருமானம், நேரில் பேசவும்." சென்ட் கணக்கு இருக்கும், திசை இருக்கும், தண்ணீர் இருக்கும். அந்த எட்டு வீடுகளுக்குள் யார் இருக்கிறார்கள், என்ன பேசி வந்தார்கள், வரும்போது எவ்வளவு கொடுத்தார்கள் என்பது மட்டும் இருக்காது. இந்த அறக்கட்டளை உரை எடுத்துக்கொண்ட பொருள் அந்த விடுபட்ட வரிதான்.

விளம்பரத்தைப் பார்த்து வருபவர் பெரும்பாலும் ஓய்வுபெற்ற அரசு ஊழியராக இருப்பார், அல்லது கடையை மகனிடம் கொடுத்துவிட்டு மாத வரும்படி தேடுபவராக இருப்பார். பங்குச் சந்தை அவருக்கு ஆகாது. வங்கி வட்டி போதவில்லை. மனைக்கட்டில் பணத்தைப் போட்டால் மாதம் எதுவும் வராது. "ஆள் குடியிருக்கிற கட்டடம்ணே, பத்திரம் முடிஞ்ச மாசத்துல இருந்தே வாடகை வந்துரும்" என்று புரோக்கர் சொல்வது இனிப்பாகத்தான் இருக்கும். விற்பவரோ அப்பா கட்டிய கட்டடத்தை நான்கைந்து வாரிசுகளாகப் பங்கு பிரிக்க முடியாமல் தவிப்பவர். ஒருவர் சென்னையில், ஒருவர் பெங்களூரில், ஒருவர் சிங்கப்பூரில் இருப்பார். உள்ளூரில் தங்கிவிட்ட தங்கை வீட்டுக்காரர்தான் வாடகை வாங்கிப் பிரித்து அனுப்பிக்கொண்டிருப்பார். உண்மையான கணக்கு அவர் மனதில் இருக்கும். பத்திரத்தில் கையெழுத்துப் போடப்போகிற மற்றவர்களுக்கு அது தெரியவே தெரியாது.

மதுரையின் பழைய வாடகைக் கட்டடங்களில் பல தினுசு உண்டு. மாசி வீதிகளுக்கும் வெளி வீதிகளுக்கும் நடுவே ஒரே வாசலுக்குள் ஏழெட்டு வீடுகள், பொதுக் குழாய், பொதுக் கழிப்பறை என்று அமைந்த காம்பவுண்டுகள். செல்லூர், அரப்பாளையம், வில்லாபுரம் பக்கம் நெசவாளரும் மில் தொழிலாளரும் குடியிருந்த லைன் வீடுகள். எஸ்.எஸ். காலனி, அண்ணாநகர், கே.கே. நகர் போன்ற பகுதிகளில் கீழே உரிமையாளர், மேலே வாடகை என்று தொடங்கிப் பிறகு தளத்துக்கு மூன்று வீடாக வளர்ந்த மாடிக் கட்டடங்கள். தனித்தனியாக விற்கப்பட்ட அடுக்ககத்தில் ஒரு ஃப்ளாட்டை வாங்குவது வேறு கதை. அங்கே பிரிபடாத பங்கு, சங்கம், 2022ஆம் ஆண்டு அடுக்ககச் சட்டம் என்று வேறு வழியில் போக வேண்டும். ஒரே உரிமையாளரின் பெயரில் முழுசாக இருந்து, உள்ளே ஆட்களோடு கைமாறும் கட்டடத்தைப் பற்றியே இங்கே பேச்சு.

இந்தக் கட்டடங்களில் வாடகை என்று எல்லோரும் பொதுவாகச் சொல்வதற்குள் இரண்டு வேறு ஏற்பாடுகள் இருக்கின்றன. ஒன்று, மாதம் பிறந்தால் பணம் தருவது. மற்றது ஒத்தி. மதுரையிலும் சுற்று வட்டாரத்திலும் ஒத்திக்கு வீடு பார்ப்பது புதிதல்ல. குடிவருபவர் சில லட்ச ரூபாயை மொத்தமாக வீட்டுக்காரர் கையில் கொடுப்பார். இரண்டு அல்லது மூன்று வருடம் வாடகை இல்லாமல் இருப்பார். கெடு முடிந்ததும் கொடுத்த பணத்தை முழுசாகத் திருப்பி வாங்கிக்கொண்டு வீட்டைக் காலி செய்வார். வடமாவட்டங்களில் இதையே போக்கியம் என்பார்கள், லீஸ் என்றும் சொல்வார்கள்.

இரண்டு பக்கத்துக்கும் இதில் லாபம் உண்டு என்பதால்தான் நீடிக்கிறது. மகள் கல்யாணத்துக்கோ பழைய கடனை அடைக்கவோ வீட்டுக்காரருக்கு மொத்தப் பணம் வேண்டியிருக்கிறது. வங்கிக்குப் போனால் வருமானச் சான்று கேட்பார்கள், வட்டி கேட்பார்கள். குடிவருபவருக்கோ மாதா மாதம் வாடகை என்ற கவலை இல்லை, சேமிப்பும் கரையாமல் இருக்கிறது. ஆனால் வீட்டுக்காரர் அந்தப் பணத்தை ஒதுக்கி வைப்பதில்லை. கெடு வரும்போது அடுத்த ஒத்திக்காரரைப் பிடித்து, அவர் தரும் பணத்தில் முந்தியவரை அனுப்புவார். ஆள் மாறிக்கொண்டே இருக்கும், கடன் மட்டும் கட்டடத்திலேயே குடியிருக்கும். சில இடங்களில் இன்னொரு அடுக்கும் சேரும். ஒத்திக்குப் பிடித்தவர் தான் வராமல் வேறொருவரை உள்வாடகைக்கு வைத்திருப்பார். அப்போது வீட்டில் இருப்பவர் ஒருவர், பணம் கொடுத்தவர் இன்னொருவர், மாத வாடகை போவது அந்த இன்னொருவருக்கு. கட்டடம் வாங்க வந்தவர் கதவைத் தட்டினால், "நாங்க மாசம் ஏழாயிரம் குடுக்குறோம்" என்று உண்மையையே சொல்வார்கள். அந்த ஏழாயிரம் யாருக்குப் போகிறது என்று இவர் கேட்டிருக்க மாட்டார்.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 58(டி) பிரிவு சுவாதீன அடமானம் என்று சொல்வது ஏறக்குறைய ஒத்தியைத்தான். அதே சட்டத்தின் 59ஆம் பிரிவின்படி, மூலப்பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்துச் செய்யும் அடமானம் நீங்கலாக, 100 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள எந்த அடமானமும் இரண்டு சாட்சிகளோடு பதிவு செய்யப்பட்டால்தான் செல்லும். நடப்பில் முத்திரைத் தீர்வைக்கும் அலைச்சலுக்கும் பயந்து சிறிய தொகை முத்திரைத் தாளில் ஒரு பக்கம் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, பீரோவில் வைத்துக்கொள்கிறார்கள். அது சார்பதிவாளர் அலுவலகத்தை எட்டிப் பார்ப்பதே இல்லை. ஆகவே முப்பது வருட வில்லங்கச் சான்று எடுத்தாலும் அதில் தெரியாது. வங்கி வழக்கறிஞர் தரும் சட்டக் கருத்துரையில் வில்லங்கம் எதுவும் இல்லை என்றுதான் வரும்.

சான்று சுத்தமாக இருக்கிறது, நமக்கென்ன என்று வாங்குபவர் நினைத்தால் அங்கேதான் இடறுவார். அதே சட்டத்தின் 3ஆம் பிரிவு விளக்கம் ஒன்று சொல்கிறது: அசையாச் சொத்தில் நேரடியாக வசித்துவரும் ஒருவருக்கு என்ன உரிமை இருக்கிறதோ, அது வாங்குபவருக்குத் தெரிந்ததாகவே கொள்ளப்படும். கேட்காமல் விட்டது வாங்கியவரின் குறை. பதிவு செய்யாத ஒத்தி அடமானமாகச் செல்லாது என்று வாதாடலாம்தான். பணம் வாங்கியவர் பழைய உரிமையாளர், அவரிடம் போய்க் கேள் என்றும் சொல்லலாம். ஆனால் ஆறு லட்சம் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் இருக்கும் குடும்பம் அந்த வாதத்தைக் கேட்டுப் பெட்டியைக் கட்டாது. பழைய உரிமையாளரோ பங்கு பிரித்துக்கொண்டு ஊருக்குப் போயிருப்பார். பதிவான ஒத்தி என்றால் இன்னும் தெளிவு. பணத்தைத் தீர்த்தால்தான் வீடு. சுவாதீன அடமானத்தில் பணம் தீரும்வரை மீட்கும் உரிமைக்குக் காலக்கெடு ஓடத் தொடங்குவதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சிங் ராம் வழக்கில் சொன்னது. அது உரிமையாளருக்கு நல்ல செய்தி. ஒத்திப் பணத்துக்கு அதனால் விலக்கு எதுவும் கிடைத்துவிடாது.

உலகில் இதற்கு ஒரு பெரிய உடன்பிறப்பு உண்டு. தென் கொரியாவில் ஜொன்சே என்ற முறையில் வீட்டு விலையில் பாதிக்கு மேற்பட்ட தொகையையே குடிவருபவர் வைப்பாகக் கொடுப்பார். வழக்கமாக இரண்டு வருடம் வாடகை கிடையாது, முடிவில் முழுப் பணமும் திரும்ப வரும். அங்கே முதலீட்டாளர்கள் இதிலேயே ஒரு வித்தை கண்டுபிடித்தார்கள். குடியிருப்பவரின் வைப்புப் பணத்தை விலையில் கழித்துக்கொண்டு, மிச்சத்தை மட்டும் கையிலிருந்து போட்டு, ஒன்றன்பின் ஒன்றாக வீடுகளை வாங்கிக் குவித்தார்கள். விலை ஏறும்வரை எல்லாம் சரியாக நடந்தது. 2022இல் விலை இறங்கியதும் புதிய ஜொன்சேக்காரர் தரும் தொகை பழையவருக்குக் கொடுக்கப் போதவில்லை. இஞ்சியோன் நகரின் மிச்சுஹோல் பகுதியில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் பணத்தை இழந்தன, இளைஞர்கள் சிலர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். 2023 மே மாதம் கொரிய நாடாளுமன்றம் பாதிக்கப்பட்டோருக்காகத் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. மதுரையில் ஒத்தித் தொகை வீட்டு விலையில் அவ்வளவு பெரிய பங்கு இல்லை என்பதால் அந்த அளவுக்கு வெடிக்காது. ஆனாலும் ஒரே கட்டடத்தில் மூன்று நான்கு வீடுகளை ஒத்திக்கு விட்டிருந்தால், வாங்குபவர் தலையில் விழுவது சின்னத் தொகையாக இராது.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். உதாரணத்துக்கு ஒரு கட்டடம். விலை ஒன்றரைக் கோடி. எட்டு வீடு, வீட்டுக்கு 8,000 ரூபாய் வாடகை என்று புரோக்கர் சொல்கிறார். மாதம் 64,000, வருடம் 7,68,000. ஐந்து விழுக்காட்டுக்கு மேல் என்று வாங்குபவர் சந்தோஷப்படுகிறார். உள்ளே போய்ப் பார்த்தால் ஐந்து வீடுதான் வாடகை, மூன்று வீடு தலா ஆறு லட்சத்துக்கு ஒத்தி. வருட வாடகை 4,80,000ஆக இறங்குகிறது. சொத்து வரி, மோட்டார், பொது விளக்கு, ஒழுகும் மொட்டை மாடி எல்லாவற்றுக்கும் வருடம் 80,000 என்று வைத்தால் மிஞ்சுவது நான்கு லட்சம். முதலும் ஒன்றரைக் கோடி இல்லை. தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு, ஆக 13,50,000 ரூபாய் மேலே. ஒரு கோடியே 63 லட்சத்து 50 ஆயிரத்துக்கு நான்கு லட்சம் என்றால் இரண்டரை விழுக்காடு கூட வரவில்லை.

மூன்று ஒத்தியையும் வாங்கியவரே தீர்த்து அந்த வீடுகளையும் வாடகைக்கு விட்டால்? மேலும் 18 லட்சம் போக வேண்டும். முதல் ஒரு கோடியே 81 லட்சத்து 50 ஆயிரம், மிஞ்சும் வாடகை 6,88,000, விழுக்காடு 3.8. அதே 18 லட்சத்தை விலையிலேயே கழித்து வாங்கியிருந்தால் 4.2. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே இருக்கிற இடைவெளியை உண்டாக்குவது கட்டடத்தின் உறுதியோ வடக்குப் பார்த்த வாசலோ இல்லை. பேரம் பேசும்போது கேட்ட ஒரு கேள்விதான். எப்படிப் பார்த்தாலும் வங்கி வைப்புநிதி இதைவிடக் கூடுதலாகத் தந்துவிடும் என்பதையும் சொல்லியாக வேண்டும். வீட்டு வாடகை வருமானத்தில் 30 விழுக்காடு நிலைக் கழிவு கிடைப்பது வரி கட்டுபவருக்கு ஓர் ஆறுதல், அவ்வளவே.

கிரயம் 50 லட்சத்தைத் தொட்டாலே வாங்குபவர் ஒரு விழுக்காட்டைப் பிடித்தம் செய்து வருமான வரித் துறைக்குக் கட்ட வேண்டும். விற்பவர்களில் ஒருவர் வெளிநாட்டில் வசிப்பவரானால் அவர் பங்குக்கு அந்த ஒரு விழுக்காடு பொருந்தாது. பிடித்தம் பல மடங்காகும், வழிமுறையும் வேறு. சிங்கப்பூர் அண்ணன் பவர் பத்திரம் அனுப்பிவிட்டார் என்று எல்லோரையும் ஒரே கணக்கில் போட்டுவிட்டுப் பிறகு நோட்டீஸ் வாங்குபவர்கள் உண்டு.

வருமானம் இவ்வளவு குறைவென்றால் பழைய கட்டடத்தை ஏன் வாங்குகிறார்கள்? இடத்துக்காக. "கட்டடத்துக்கு விலையே போடாதீங்கண்ணே, மண்ணுக்கு மட்டும் பேசுங்க. ஆளுகளை ஆறு மாசத்துல கெளப்பிட்டு இடிச்சுக் கட்டிரலாம்." புரோக்கரின் இரண்டாவது இனிப்பு இது. இதில் இரண்டு நம்பிக்கைகள் இருக்கின்றன. ஆட்களை எளிதில் எழுப்பலாம் என்பது ஒன்று, இடித்து உயரமாகக் கட்டலாம் என்பது மற்றொன்று. மதுரையின் நடுப்பகுதியில் இரண்டாவது முதலில் உடைகிறது.

மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டடம் உயரக் கூடாது என்பது அரசாணை. கோபுரங்களின் தோற்றம் மறையக் கூடாது என்பதற்காக வந்த கட்டுப்பாடு. மீறிய கட்டடங்கள் மீது உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்குகள் நடந்திருக்கின்றன. 9 மீட்டர் என்றால் தரைத்தளமும் அதன்மேல் இரண்டு மாடியும் கட்டுவதே சிரமம். இடிக்கும் பழைய கட்டடமே பெரும்பாலும் அந்த உயரத்தில்தான் இருக்கும். அதற்கு மேல் இன்றைய விதிகள் கேட்கும் பக்க இடைவெளியும் வாகன நிறுத்தமும் விட்டால், சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டிய பழைய கட்டடத்தில் இருந்த பரப்பைவிடப் புதியதில் குறைவாகவே கிடைக்கும். ஒரு காலத்தில் இதே நகரில் நிலைமை நேர்மாறாக இருந்தது. கலெக்டர் பிளாக்பர்ன் 1840களை ஒட்டிக் கோட்டைச் சுவரை இடிக்க எண்ணியபோது, இடித்து அகழியைத் தூர்ப்பவருக்கே அந்த இடம் என்று அறிவித்தார் என்பது மதுரை வரலாறு. வெளி வீதிகள் அப்படிப் பிறந்தன. பெருமாள் மேஸ்திரி வீதியும் மாரட் வீதியும் அந்த வேலையில் நின்றவர்கள் பெயரைத் தாங்கி இருக்கின்றன. விளக்குத்தூண் அந்தக் கலெக்டருக்கு ஊர் எடுத்த நினைவுச்சின்னம். இடிப்பவருக்கு இடம் கிடைத்த அதே தெருக்களில் இன்று இடிப்பவருக்கு இருப்பதும் குறைகிறது. ஒரு கிலோமீட்டர் வட்டத்துக்குள் வாங்குபவர் இடித்துக் கட்டும் கனவுக்கு ஒரு ரூபாய்கூட விலை கொடுக்கக் கூடாது என்பதே இந்த உரையின் கருத்து.

ஆட்களை எழுப்பும் நம்பிக்கைக்கு வருவோம். இங்கே ஒரு நீண்ட கதை இருக்கிறது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1941இல், சென்னை மாகாணத்தில் வாடகைக் கட்டுப்பாடு ஓர் ஆணையாகத் தொடங்கியது. போர் முடிந்தும் வீட்டுப் பஞ்சம் தீரவில்லை. 1946இலும் 1949இலும் சட்டமாகி, 1960இல் 18ஆம் எண் சட்டமாக நிலைத்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் மதுரையில் வீட்டுக்காரரும் குடியிருப்பவரும் மோதிக்கொண்டது அந்தச் சட்டத்தின் பத்தாம் பிரிவை வைத்துத்தான். வேண்டுமென்றே வாடகை பாக்கி, உள்வாடகை, சொந்த உபயோகம், இடித்துக் கட்டுதல் என்று காரணம் காட்டியே வெளியேற்ற முடியும். பாக்கி வைத்தாலே வேண்டுமென்றே வைத்ததாகிவிடாது. நோட்டீஸ் கொடுத்து இரண்டு மாதம் பார்க்க வேண்டும் என்ற விளக்கத்தை உச்ச நீதிமன்றம் 1985இல் சுந்தரம் பிள்ளை வழக்கில் விரிவாக அலசியது. மாத வாடகை 400 ரூபாயைத் தாண்டிய குடியிருப்புக்குப் பாதுகாப்பு இல்லை என்றிருந்த விதியை 1986இல் ரத்தன் ஆர்யா வழக்கில் அதே நீதிமன்றம் சமத்துவத்துக்கு விரோதம் என்று நீக்கியது. 400 ரூபாய்க்கு நல்ல வீடு கிடைத்த காலம் போய்விட்டது என்பது நீதிபதிகளுக்கும் தெரிந்திருந்தது.

வாடகைதாரரோடு வாங்கியவர் மறுநாளே "எனக்கு வேண்டும், காலி செய்" என்று மனுப் போடவும் அந்தச் சட்டம் விடவில்லை. கிரயம் பதிவான நாளிலிருந்து மூன்று மாதம் பொறுத்தாக வேண்டும். ஒரு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கவும் சட்டத்தில் இடமில்லை. ஊரில் ஆறு மாதம், பத்து மாதம் வாங்கினார்கள். அந்தக் கூடுதல் தொகை பிறகு வாடகைதாரரின் ஆயுதமாயிற்று. தன் பணம் உரிமையாளரிடம் இருக்கும்போது தான் பாக்கிக்காரன் இல்லை என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் 1996இல் நரசிம்ம ராவ் வழக்கில் ஏற்றது. அட்வான்ஸ் யாரிடம் எவ்வளவு என்று கேட்காமல் கட்டடம் வாங்கியவர், பாக்கிக்கு வழக்குப் போட்டுவிட்டு நீதிமன்றத்தில் அந்தத் தொகையை முதன்முதலாகக் கேள்விப்படுவார்.

1960ஆம் ஆண்டுச் சட்டம் இப்போது இல்லை. 2017ஆம் ஆண்டு இயற்றிய நில உரிமையாளர், குத்தகைதாரர் உரிமைகளும் பொறுப்புகளும் பற்றிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்புக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது. பழைய குடியிருப்புகளும் எழுத்துக்கு வர வேண்டும், வரவில்லை என்றால் அதுவே வீட்டைத் திரும்பக் கேட்கும் காரணம். வீட்டுக்காரர் கை ஓங்கியிருக்கிறது என்று பலர் சொல்வது பெரும்பாலும் சரி. ஆனால் 2019க்கு முன் தொடுத்த வழக்குகள் பழைய சட்டப்படியே போகின்றன. அப்படி ஒரு வழக்கோடு கட்டடத்தை வாங்குபவர் வழக்கையும் சேர்த்தே வாங்குகிறார். மேல்முறையீட்டோடு பதினைந்து வருடம் ஓடிய வழக்கில் தன் பெயரைச் சேர்க்க மனுப் போடுவதுதான் அவர் செய்யும் முதல் வேலை.

சட்டம் திடீரென எந்தப் பக்கமும் சாயலாம் என்பதற்கு இலங்கையே சாட்சி. அங்கே 1973ஆம் ஆண்டு வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டம், அளவுக்கு மேல் வீடு வைத்திருந்தவர்களிடமிருந்து எடுத்து, குடியிருந்தவர்களுக்கே விற்க வழி செய்தது. கொழும்பில் வாடகை வருமானத்தை நம்பி வீடு வாங்கிச் சேர்த்த தமிழ் வணிகர்களும் அதில் இருந்தார்கள். குடியிருந்த தமிழர்களும் உரிமையாளர் ஆனார்கள். அந்தக் கதையை எந்தப் பக்கம் நின்று பார்ப்பது என்பது அவரவர் குடும்பத்தைப் பொறுத்தது.

இதுவரை பணமும் சட்டமும். கட்டடம் என்ற பொருளும் இருக்கிறது.

2020 தீபாவளியன்று விடியும் முன் தெற்கு மாசி வீதிப் பக்கம் நவபத்கானா தெருவில் ஒரு பழைய ஜவுளிக் கட்டடத்தில் தீப்பிடித்தது. அணைத்துக்கொண்டிருந்தபோது கட்டடம் சரிந்து இரண்டு தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். 2021 டிசம்பரில் கீழவெளி வீதிப் பகுதியில் இரவு ரோந்தில் நின்ற தலைமைக் காவலர் மேல் பழைய கட்டடம் இடிந்து விழுந்தது, அவரும் பிழைக்கவில்லை. 2024 செப்டம்பர் 12 அதிகாலை, பெரியார் பேருந்து நிலையத்துக்கு அருகே கட்ராபாளையம் பகுதியில் பெண்கள் விடுதி ஒன்றில் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து பரவிய தீயில் இரண்டு பெண்கள் உயிரிழந்தார்கள். அந்தக் கட்டடம் பழுதடைந்தது என்று மாநகராட்சி முன்பே நோட்டீஸ் கொடுத்திருந்ததாகவும், காலி செய்வது பற்றி உரிமையாளருக்கும் விடுதி நடத்தியவருக்கும் இடையே வழக்கு இருந்ததாகவும் அப்போது செய்திகள் வந்தன. உரிமையாளர் பழுது பார்க்க மாட்டார், ஏனென்றால் ஆள் போக வேண்டும். ஆள் போக மாட்டார், ஏனென்றால் வாடகை குறைவு. இந்த இழுபறியில் சுவர் மட்டும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

கட்டடம் விழுந்துவிட்டால் குடித்தனம் முடிந்தது, இடம் தனக்கு என்று கணக்குப் போடுபவர்களும் இருக்கிறார்கள். 2014இல் ஷா ரத்தன்ஸி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தக் கணக்கைக் கலைத்தது. நகராட்சி இடித்தாலும் வாடகை உரிமை மண்ணில் நிற்கும், கட்டடத்தோடு அது மறையாது. ஆகவே மாநகராட்சி நோட்டீஸ் உள்ள கட்டடம் மலிவாகக் கிடைக்கிறதென்று பாய்வதில் அர்த்தமில்லை. கட்டுமானப் பொறியாளர் ஒருவரை அழைத்துப் போய் தூண், கம்பி, மொட்டை மாடிச் சுருக்கி, கழிப்பறைச் சுவரின் ஓதம் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லும் செலவு, பத்திரச் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

வண்டியூர்க் கண்மாயை ஒட்டிய பகுதிகளிலும் செல்லூர், நரிமேடு பக்கமும் தண்ணீரையும் கேட்க வேண்டும். 2024 அக்டோபர் 25 அன்று கொட்டிய மழையில் பந்தல்குடி வாய்க்கால் நிரம்பி வீடுகளுக்குள் புகுந்தது. தரைத்தளத்தில் குடியிருப்பவரிடம் அன்று தண்ணீர் எதுவரை ஏறியது என்று கேட்டால் கையால் சுவரில் காட்டுவார். விற்பவர் காட்ட மாட்டார்.

வரி ரசீதையும் அப்படியே நம்புவதற்கில்லை. மதுரை மாநகராட்சியில் கட்டடங்களுக்குச் சொத்து வரியைக் குறைத்துப் போட்டதாக எழுந்த முறைகேட்டு வழக்கில் 2025இல் பலர் கைதானார்கள், கட்டடங்களை மறுபடி அளக்கும் வேலையும் நடந்தது. பெரிய கட்டடத்துக்கு வரி வியக்கத்தக்க அளவு குறைவாக இருந்தால் அதை லாபமாக எழுதிக்கொள்ளாமல், மாநகராட்சிப் பதிவில் எத்தனை சதுர அடி, என்ன பயன்பாடு என்று பார்த்துவிடுவது நல்லது. மின் இணைப்பும் அப்படித்தான். பத்து வீடுகளுக்குள், மூன்று மாடிக்குள், லிப்ட் இல்லாத குடியிருப்புகளுக்குப் பொது மின்சாரக் கட்டணத்தை 2023இல் யூனிட் 8 ரூபாயிலிருந்து 5 ரூபாய் 50 காசாகக் குறைத்தார்கள். அந்தச் சலுகை இந்தக் கட்டடத்து மோட்டாருக்குப் பதிவாகியிருக்கிறதா என்று கேட்கும் வாங்குபவர் அபூர்வம்.

குடியிருப்பவர் பக்கமிருந்தும் இதைப் பார்க்க வேண்டும். பதினெட்டு வருடமாக ஒரே வீட்டில் இருப்பவருக்குக் கட்டடம் விற்பனைக்கு வந்த செய்தி பெரும்பாலும் காய்கறிக் கடையில்தான் தெரியும். பிறகு ஒரு நாள் அறிமுகமில்லாத நான்கு பேர் வந்து கூரையைப் பார்ப்பார்கள், "சும்மா பாக்க வந்தோம்" என்பார்கள். அவருடைய அட்வான்ஸ் இருபதாயிரமோ, ஒத்தி ஆறு லட்சமோ, யார் தருவார் என்ற பதைப்பு அன்றே தொடங்கிவிடும். பயந்தவர் வாயை மூடிக்கொள்வார், அல்லது கேட்பவரைப் பொறுத்துத் தொகையைக் கூட்டிச் சொல்வார். இரண்டும் வாங்குபவருக்கு நஷ்டம். கிரய ஒப்பந்தம் எழுதும் முன், விற்பவரையும் உடன் அழைத்துக்கொண்டு, வீடு வீடாக உட்கார்ந்து பேசி, வாடகை எவ்வளவு, எந்த மாதம்வரை கட்டியது, அட்வான்ஸா ஒத்தியா, எவ்வளவு, எந்தத் தேதி, உள்ளே இருப்பவருக்கும் பணம் கொடுத்தவருக்கும் என்ன உறவு என்று எழுதி, மூவரும் கையெழுத்திட்ட ஒரு தாள் வீட்டுக்கு ஒன்று வாங்குவதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். விற்பவர் இதற்குத் தயங்கினால் தயக்கத்தின் காரணம் விலையில் பேசப்பட வேண்டியது. அந்தத் தாள்களின் கூட்டுத்தொகையை அப்படியே கிரயத் தொகையில் கழிக்கலாம், அல்லது விற்பவர் தன் செலவில் தீர்த்து ரசீது காட்டிய பிறகு பத்திரத்துக்குப் போகலாம். கிரயப் பத்திரத்திலேயே குடியிருப்பவர் பட்டியலையும் தொகையையும் எழுதச் சொன்னால், "இதெல்லாம் வழக்கமில்லைங்க" என்று பத்திர எழுத்தர் சொல்லக்கூடும். எழுதச் சட்டத்தில் தடை ஒன்றுமில்லை.

சொத்து மாற்றுச் சட்டத்தின் 109ஆம் பிரிவுப்படி, பத்திரம் முடிந்ததும் பழைய உரிமையாளர் இடத்தில் புதியவர் வந்துவிடுகிறார், வாடகைதாரரின் சம்மதம் தேவையில்லை. ஆனால் முந்தைய பாக்கி தனியாக எழுதி வாங்காவிட்டால் புதியவருக்கு வராது. உரிமையாளர் மாறியது தெரியாமல் குடியிருப்பவர் பழையவரிடமே வாடகையைக் கொடுத்திருந்தால், அதை மறுபடி கேட்கவும் முடியாது. ஆகவே பத்திரம் பதிவான அன்றே, பழைய உரிமையாளரும் கையெழுத்திட்ட கடிதம் ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சேர வேண்டும். இனி வாடகை யாருக்கு, எந்த வங்கிக் கணக்கில், எந்தத் தேதியிலிருந்து, அட்வான்ஸ் யார் பொறுப்பில் என்ற நான்கு விவரம் அதில் இருந்தால் போதும். ஒப்புதல் கையெழுத்து வாங்கிய நகல்கள் மூலப்பத்திரத்தோடு ஒரே கோப்பில் இருக்கட்டும். 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி எழுதும் புதிய ஒப்பந்தங்களுக்கு வாடகை அதிகாரியிடம் பதிவெண் வாங்கும்போது அந்தக் கோப்பைத்தான் முதலில் எடுக்க வேண்டியிருக்கும்.